ராணுவ ஆராய்ச்சியே இவ்வளவு தந்திருக்கும்போது விண்வெளிக்குத் தனிப் பணம் எதற்கு?

கேள்வி இதுதான்: ராக்கெட், இணையம், ஜிபிஎஸ், ரேடார் எல்லாம் ராணுவப் பணத்தில் பிறந்தவை. அந்த ஆராய்ச்சி எப்படியும் நடக்கத்தான் போகிறது. அப்படியிருக்க, கோள்களையும் விண்மீன்களையும் ஆராய அரசுகள் தனியாகச் செலவிடுவதில் நியாயம் உண்டா? அந்தப் பணத்தையும் ராணுவ அறிவியலிலேயே போட்டால் பயன் கூடாதா?

நியாயம் உண்டு என்பதே என் பதில். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை வைத்து அதைச் சொல்லவில்லை. எதிலிருந்து அதிகப் பொருள்கள் வந்தன என்று பட்டியல் போட்டால் ராணுவம்தான் முந்தும். அந்தப் பந்தயத்தில் விண்வெளி ஆய்வை இறக்கிவிடுவதே தவறு. கண்டறிந்த அறிவு யார் கைக்குப் போகிறது, எத்தனை வருடம் கழித்துப் போகிறது, அதைத் தேடுவது யாருடைய வேலை என்ற மூன்றையும் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

முதலில், விண்வெளிக்காக வாதாடுபவர்கள் கைவிட வேண்டிய வாதங்களைச் சொல்லிவிடுகிறேன். டெஃப்லான் விண்வெளித் திட்டத்தில் வந்தது என்பார்கள். அது 1938இல் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. நாசா தொடங்கியதோ 1958இல். வெல்க்ரோவும் அப்படியே. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், ஆடையில் ஒட்டிய முள்காயைப் பார்த்து உருவாக்கி 1950களில் காப்புரிமை பெற்றது அது. உண்மையான உதாரணங்களும் உண்டு. இன்றைய கைப்பேசிக் கேமராவில் உள்ள சீமாஸ் பட உணரியின் அடிப்படை வடிவம், விண்கலக் கேமராக்களைச் சிறிதாக்கும் முயற்சியில் 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் தலைமையிலான குழு உருவாக்கியது. ஆனாலும் இந்த வகை வாதம் பலவீனமானது. நல்ல கேமரா வேண்டுமென்றால் கேமரா ஆராய்ச்சிக்கே நேரடியாகப் பணம் கொடுக்கலாமே என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் அதற்கு மறுமொழி இல்லை.

அதேபோல், விண்வெளி ஆய்வு ராணுவத்துக்குப் பட்ட கடனையும் மறைக்கக் கூடாது. விண்வெளியின் எல்லையை முதலில் தொட்ட ராக்கெட் ஜெர்மனியின் வி-2. அது ஒரு டன் வெடிகுண்டைச் சுமக்கச் செய்யப்பட்டது. மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமில் அதை உற்பத்தி செய்யும் கட்டாய வேலையில் மாண்டவர்களின் எண்ணிக்கை, அந்த ஏவுகணை விழுந்து இறந்தவர்களைவிட அதிகம். போருக்குப் பின் அமெரிக்கா கைப்பற்றிய வி-2க்களில் ஒன்றுதான் 1946 அக்டோபர் 24 அன்று விண்வெளியிலிருந்து பூமியை முதன்முதலாகப் படம் பிடித்தது. ஸ்புட்னிக்கை 1957 அக்டோபர் 4 அன்று ஏற்றிச்சென்ற ஆர்-7, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அணுகுண்டு ஏவுகணை. ஜான் கிளென் 1962இல் பூமியைச் சுற்றியது அட்லஸ் ஏவுகணையின் மேல் அமர்ந்துதான். இந்த வரலாற்றை ஒப்புக்கொண்டுவிட்டே மேலே பேச வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம். கணக்கு விவரமாகக் கிடைப்பது அமெரிக்காவில் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2024 நிதியாண்டில் நாசாவுக்குக் கிடைத்தது சுமார் 2,490 கோடி டாலர். பாதுகாப்புத் துறைக்கு 80,000 கோடி டாலருக்கு மேல். அதில் 'ஆராய்ச்சி, மேம்பாடு, சோதனை, மதிப்பீடு' என்ற தலைப்பில் மட்டும் 14,000 கோடிக்கு மேல். அதாவது ராணுவ ஆராய்ச்சிக்கான தொகை, நாசாவின் முழு வரவுசெலவைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். இதைப் பார்த்ததும் 'ராணுவம் அறிவியலுக்கு எவ்வளவு செலவிடுகிறது பாருங்கள்' என்று தோன்றும். அந்தத் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறிவிடும்.

அந்தத் தொகை பல படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் படி அடிப்படை ஆராய்ச்சி. இரண்டாவது பயன்பாட்டு ஆராய்ச்சி. மூன்றாவது முன்னோடித் தொழில்நுட்ப மேம்பாடு. அதற்கு மேல் உள்ளவை எல்லாம் மாதிரிக் கருவி கட்டுவது, ஆயுத அமைப்பை முழுமையாக்குவது, சோதனைத் திடல்களை நடத்துவது, ஏற்கெனவே பணியில் இருக்கும் விமானத்தையோ ஏவுகணையையோ மேம்படுத்துவது. பெரும்பங்கு பணம் அந்த மேல்படிகளுக்கே போகிறது. இயற்கையைப் பற்றிப் புதிதாக எதையாவது அறியும் வாய்ப்புள்ள முதல் படிக்குக் கிடைப்பது சுமார் 2 சதவீதம், ஏறத்தாழ 260 கோடி டாலர். நாசாவின் அறிவியல் பிரிவு அதே ஆண்டில் பெற்றது சுமார் 730 கோடி. ஆக, சின்ன அமைப்பான நாசா, அறிவியலுக்கென்று மட்டும் ஒதுக்கும் தொகை பாதுகாப்புத் துறையின் அடிப்படை ஆராய்ச்சியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 'ராணுவ அறிவியல்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஆயுதப் பொறியியல். அது மதிப்பற்றது என்று சொல்லவில்லை. ஆனால் வேறு வேலை.

அந்த 2 சதவீதமும் எப்போதும் பத்திரமாக இருந்ததில்லை. 1969இல் அமெரிக்கக் காங்கிரஸ் கொண்டுவந்த மான்ஸ்ஃபீல்டு திருத்தம், நேரடி ராணுவப் பயன் இல்லாத ஆராய்ச்சிக்குப் பாதுகாப்புத் துறை பணம் தரக்கூடாது என்றது. பாதுகாப்புத் துறை பணத்தில் உருவான, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனதும் அதே 1969இல்தான். நோக்கம் விரிந்திருந்த காலத்தில் விதைத்தவற்றை, நோக்கம் சுருங்கிய பிறகும் அறுவடை செய்துகொண்டிருந்தார்கள். ராணுவ ஆராய்ச்சியின் பழைய சாதனைகளைக் காட்டி இன்றைய ஒதுக்கீட்டை நியாயப்படுத்துபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி, இந்த விஷயத்தின் நடுப்பகுதி. ராணுவக் கருவிகள் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கின்றன. அந்தக் கண்டுபிடிப்புகள் பிறகு என்ன ஆயின?

1963இல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. யாராவது அதை மீறினால் கண்டுபிடிக்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் ஒரு காமா கதிர்த் துடிப்பு பதிவானது. அணுகுண்டின் சாயல் அதில் இல்லை. காமா கதிர் வெடிப்பு என்று இன்று அழைக்கப்படும் நிகழ்வின் முதல் பதிவு அது. பிரபஞ்சத்தின் மிகக் கடுமையான வெடிப்புகளில் ஒன்று. பதிவு காகிதங்களை ஒப்பிட்டு அதைக் கவனித்தது 1969இல். பிந்தைய வேலாக்களின் துல்லியமான நேரப்பதிவுகளை வைத்து, இது சூரியனிலிருந்தோ பூமியிலிருந்தோ வரவில்லை என்று உறுதிசெய்து கட்டுரை வெளியானது 1973இல். இந்தத் தாமதத்துக்கு ரகசிய முத்திரையைக் குற்றம் சொல்வது பலருக்கு வழக்கம். அது முழு உண்மை இல்லை. குண்டு இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பதிவின் வேலை முடிந்துவிட்டது. மிச்சத்தைப் பார்ப்பது யாருக்கும் கடமையாக இருக்கவில்லை. அக்கறையுள்ள சிலர் கோப்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் தப்பியது.

ரகசியமே தடையாக இருந்த இடங்களும் உண்டு. வானியலில் அதற்குச் சரியான உதாரணம் தகவமை ஒளியியல். காற்றின் அலைச்சலால் விண்மீனின் பிம்பம் நடுங்குகிறது. அதனால் 5 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியும் சுமார் 20 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி காட்டும் நுணுக்கத்தையே காட்டும். இதைச் சரிசெய்ய, ஆடியின் பரப்பை அந்த அலைச்சலுக்கு ஏற்ப உடனுக்குடன் மாற்றலாம் என்று வானியலாளர் ஹொரஸ் பாப்காக் 1953இலேயே எழுதினார். இன்று அதற்கு ஒரு மெல்லிய ஆடியின் முதுகில் பல சிறு தள்ளுகருவிகளை வைத்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதன் வடிவத்தை மாற்றுகிறார்கள். எப்படி மாற்ற வேண்டும் என்று அறிய, பார்க்க விரும்பும் பொருளுக்கு மிக அருகில் ஒரு பிரகாசமான விண்மீன் வேண்டும். வானத்தின் பெரும்பகுதியில் அப்படி ஒன்று இருக்காது. வழி, செயற்கை விண்மீன். சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இயல்பாகவே இருக்கும் சோடியம் அணு அடுக்கை 589 நானோமீட்டர் லேசரால் ஒளிரச் செய்வது. எதிரிச் செயற்கைக்கோள்களைத் தெளிவாகப் பார்க்க விரும்பிய அமெரிக்க ராணுவத்துக்காக இந்த யோசனை 1982இல் முன்வைக்கப்பட்டு, ரகசியமாகவே சோதனைகள் நடந்தன. 1985இல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபுவாவும் லபேரியும் லேசர் வழிகாட்டி விண்மீன் யோசனையைத் தாங்களே சிந்தித்து வெளிப்படையாக எழுதினார்கள். அதற்குப் பிறகும் சில வருடங்கள் கழித்து, 1991இல்தான் அமெரிக்கா தன் முடிவுகளைத் திறந்தது. இந்த நுட்பம் திறந்த கைகளுக்கு வந்த பிறகு, நம் விண்மீன் மண்டலத்தின் மையத்தைச் சுற்றும் விண்மீன்களின் பாதைகள் துல்லியமாக வரையப்பட்டன. அங்கே பெருநிறை கருந்துளை இருப்பதற்கான அந்தச் சான்றுக்கு 2020இல் கென்சலும் கெஸ்ஸும் நோபல் பெற்றார்கள். ராணுவம் இந்த நுட்பத்தை வளர்த்தது உண்மை. வெளியில் இருந்தவர்கள் அதே பாதையை இரண்டாம் முறை வெட்ட வேண்டியிருந்ததும் உண்மை.

இன்னும் தெளிவான கதை கடலடியில் இருக்கிறது. கடலுக்கடியில் 2 கிலோமீட்டர் உயர மலை இருந்தால், அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். மேலே கடல்மட்டம் 2 மீட்டர் அளவுக்கு மேடாகும். கப்பலில் இருப்பவருக்கு அது தெரியாது, ஏனென்றால் மேடு பல கிலோமீட்டர் அகலம். செயற்கைக்கோள் ரேடார் உயரமானிக்குத் தெரியும். அமெரிக்கக் கடற்படை 1985இல் ஏவிய ஜியோசாட் முதல் 18 மாதங்கள் இந்த மேடுபள்ளங்களை அடர்த்தியாக அளந்தது. நீர்மூழ்கியிலிருந்து ஏவப்படும் ஏவுகணை குறி தவறாமல் போக, ஏவும் இடத்தில் ஈர்ப்புவிசை எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்ற கணக்குத் தேவை, அதற்காகத்தான். தரவு பூட்டப்பட்டது. பத்து வருடம் அப்படியே கிடந்தது. இதற்கிடையே 1991இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஈஆர்எஸ்-1 என்ற குடிமைச் செயற்கைக்கோளை ஏவியது. 1994-95இல் அதுவும் அதே மாதிரி அடர்த்தியான அளவீட்டை எடுத்து வெளியிட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்றானதும் 1995இல் ஜியோசாட் தரவு திறக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து வால்டர் ஸ்மித்தும் டேவிட் சாண்ட்வெல்லும் 1997இல் உலகக் கடலடியின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அதுவரை எந்தக் கப்பலும் அளக்காத பகுதிகளில் இருந்த மலைத்தொடர்களும் பிளவுகளும் அதில் தெரிந்தன.

இந்தக் கதையில் பூட்டைத் திறந்தது எது என்று பாருங்கள். வெளிப்படையான நோக்கத்துக்காகப் பறந்த ஓர் அறிவியல் செயற்கைக்கோள். விண்வெளி அறிவியலுக்குத் தனிப் பணம் இல்லையென்றால், ராணுவத்திடம் இருக்கும் அறிவை வெளியே கொண்டுவரும் அழுத்தமும் இருக்காது. அமெரிக்காவின் கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்டவை, 1995 வரை பெட்டியில் கிடந்தன. இன்று தொல்லியலாளர்களும் பனியாறு ஆய்வாளர்களும் அவற்றைத் தேடித் தேடிப் பயன்படுத்துகிறார்கள். ஆர்க்டிக் பனிக்கடியில் ரோந்து போன நீர்மூழ்கிகள் 1958 முதல் பனியின் தடிமனை அளந்துவந்தன. அந்தப் பழைய அளவுகளை 1990களின் பயணங்களோடு ஒப்பிட முடிந்தபோது, கோடைக்கால இறுதியில் பனியின் சராசரித் தடிமன் சுமார் 1.3 மீட்டர் குறைந்திருப்பது 1999இல் தெரியவந்தது. முன்பே திறந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இப்போது எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம். ராணுவத்திடம் இருப்பதும் விண்வெளி அறிவியலிடம் இல்லாததும் ஒன்று உண்டு: மொத்தமாகவும் தொடர்ந்தும் வாங்கும் சக்தி. அப்போலோவின் வழிகாட்டிக் கணினிக்காக 1960களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த சில்லுகள் வாங்கப்பட்டன. 1963இல் அமெரிக்காவில் தயாரானவற்றில் பாதிக்கும் மேல் அந்த ஒரு திட்டத்துக்கே போனது. பெரிய அளவில் தொடர்ந்து உற்பத்தியைப் பெருக்கியது பிறகு வந்த மினிட்மேன்-2 ஏவுகணை. அப்போலோவுக்குத் தேவை சில டஜன் கணினிகள், மினிட்மேனுக்கு நூற்றுக்கணக்கில். புதிய தொழிலைத் தொடங்கிவைக்க அறிவியல் திட்டம் போதும். விலையை இறக்க ஆயிரக்கணக்கில் வாங்குபவர் வேண்டும்.

ஜிபிஎஸும் அப்படித்தான். அதன் மூலத்தைத் தேடினால் 1957இல் ஸ்புட்னிக்கின் வானொலி ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் வருவார்கள். அலைவரிசை ஏறி இறங்குவதை வைத்தே செயற்கைக்கோளின் பாதையைக் கணித்தார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால், பாதை தெரிந்த செயற்கைக்கோளை வைத்துத் தரையில் நாம் இருக்கும் இடத்தை அறியலாம். பொலாரிஸ் ஏவுகணைகளைச் சுமக்கும் நீர்மூழ்கிகளுக்காக அதிலிருந்து டிரான்சிட் என்ற இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பு வந்தது. பிறகு 1978இல் முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக்கடிகாரங்களோடு 24 செயற்கைக்கோள்களை நிறுத்தி, பழுதாகப் பழுதாக மாற்றிக்கொண்டே இருக்கும் பொறுப்பை எந்த அறிவியல் அமைப்பும் ஏற்றிருக்காது. ஆனால் அந்தக் கடிகாரங்கள் தரைக் கடிகாரங்களைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொண்டு திருத்தாவிட்டால் பிழை ஒரே நாளில் 10 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தச் சார்பியலுக்கு எந்தத் தளபதியும் பணம் கொடுக்கவில்லை. 1983இல் வழிதவறிச் சோவியத் வான்பரப்புக்குள் போன கொரிய விமானம் 269 பேருடன் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகே ஜிபிஎஸ் குடிமை விமானங்களுக்கும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நீக்கியது 2000 மே மாதம். அதுவரை சுமார் 100 மீட்டராக இருந்த பிழை ஒரே இரவில் 10-20 மீட்டரானது. அதே செயற்கைக்கோள்கள்தான், மாறியது அனுமதி மட்டும்.

'ராணுவத்தின் மிச்சத்தை வாங்கி அறிவியல் செய்துகொள்ளலாமே' என்றும் சிலர் சொல்வார்கள். 2012இல் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் அமைப்பு, தனக்கு வேண்டாம் என்று 2.4 மீட்டர் ஆடிகள் கொண்ட இரண்டு தொலைநோக்கிகளை நாசாவுக்குத் தந்தது. ஹப்பிளின் ஆடி அதே அளவு. வானியலாளர்களிடம் ஒன்றே இருந்த காலத்தில் கிடங்கில் இரண்டு சும்மா இருந்தன என்பது செலவு எங்கே குவிகிறது என்று சொல்கிறது. ஒன்று ரோமன் விண்வெளித் தொலைநோக்கியானது. ஆனால் ஆடி இலவசமாகக் கிடைத்தும் திட்டத்தின் மொத்தச் செலவு 400 கோடி டாலரை ஒட்டி வந்தது. ஏனென்றால் ஆடி என்பது செலவில் சிறு பங்கு. 18 உணரிகளைச் சேர்த்து 30 கோடி பிக்சல் கொண்ட கேமரா, அதைக் குளிர்நிலையில் வைக்கும் அமைப்பு, விண்கலம், ஏவுதல், பல வருடங்களுக்கான இயக்கம், தரவுக் கிடங்கு எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டியவை. தரையைப் பார்க்கச் செய்த தொலைநோக்கியை வானத்தைப் பார்க்க மாற்றுவதற்கும் செலவுண்டு. மிச்சத்தில் பிழைப்பது மலிவான வழி இல்லை.

ஓசிப் பொருளை நம்பியிருப்பதில் இன்னொரு ஆபத்து புளூட்டோனியம்-238. சூரிய ஒளி மங்கும் தொலைவில் போகும் கலங்களுக்கு மின்சாரம் தருவது அதன் வெப்பம்தான். செவ்வாயில் உள்ள கியூரியாசிட்டி 4.8 கிலோ புளூட்டோனியம் டைஆக்சைடிலிருந்து சுமார் 2,000 வாட் வெப்பமும் அதிலிருந்து 110 வாட் மின்சாரமும் பெற்றுத் தொடங்கியது. இது குண்டுக்கு உதவும் புளூட்டோனியம்-239 அல்ல. ஆனாலும் அணு ஆயுத உலைகளில்தான் தயாரானது. பனிப்போர் முடியும் தறுவாயில் 1988இல் அமெரிக்கா அந்த உலைகளை நிறுத்தியதும் இதன் உற்பத்தியும் நின்றது. பிறகு ரஷ்யாவிடம் வாங்கினார்கள். அதுவும் ஒரு கட்டத்தில் நின்றது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மறுபடி தொடங்கி 2015இல் வந்த முதல் அளவு 50 கிராம். வருடத்துக்கு 1.5 கிலோ என்பது இலக்கு. அரை ஆயுட்காலம் 87.7 வருடம் என்பதால் சேமித்துவைத்தாலும் வருடத்துக்கு சுமார் 0.8 சதவீதம் குறைந்துகொண்டே போகும். ஆயுத உலை நின்ற ஒரு முடிவால், வெளிக்கோள்களுக்கான திட்டங்கள் இருபது வருடங்களுக்கு மேல் கிராம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ராணுவ நோக்கம் விண்வெளியையே கெடுத்த கதையும் உண்டு. 1962 ஜூலை 9 அன்று பசிபிக்கின் மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு வெடிக்கப்பட்டது. அதில் சிக்கிய எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றிச் செயற்கைக் கதிர்வீச்சு வளையமாயின. மறுநாள் ஏவப்பட்ட தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் டெல்ஸ்டார்-1ம், பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1ம் அதனால் பாதிக்கப்பட்டன. 2007இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைச் சுமார் 865 கிலோமீட்டர் உயரத்தில் தகர்த்தபோது கண்காணிக்கத்தக்க 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அந்த உயரத்தில் காற்று இழுப்பு மிகக் குறைவு. துண்டுகள் பல பத்தாண்டுகள் சுற்றும். 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மோஸ்-1408ஐத் தகர்த்தபோது, விண்வெளி நிலையத்தில் இருந்த 7 பேர், தேவைப்பட்டால் உடனே புறப்பட வசதியாகத் தங்கள் கலங்களுக்குள் ஒதுங்கினார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையாகாது. 1994இல் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நாசாவோடு சேர்ந்து கிளமென்டைன் என்ற கலத்தை ஏவியது. எடைகுறைந்த உணரிகள் விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குமா என்று பார்ப்பது ராணுவத்தின் நோக்கம். சோதனைக் களம் நிலா. சுமார் 8 கோடி டாலரில் நிலா முழுவதையும் பல நிறங்களில் படம் பிடித்தது. தென்துருவ நிழல் பள்ளங்களில் பனி இருக்கலாம் என்ற முதல் ரேடார் தடயத்தையும் தந்தது. அடுத்து சிறுகோள் ஒன்றை நோக்கிப் போக வேண்டிய நேரத்தில், 1994 மே மாதம் மென்பொருள் பிழையால், கலத்தின் திசையைச் சரிசெய்யும் உந்துபொறி நிற்காமல் எரிந்து அதற்கான எரிபொருள் முழுவதும் தீர்ந்தது. ராணுவப் பணத்தில் சிறந்த கோளறிவியல் நடக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் தரவு திறந்திருந்தது, அறிவியல் குழு ஒன்று தொடக்கத்திலேயே உள்ளே இருந்தது. வேலாவில் இல்லாத அந்த இரண்டும் கிளமென்டைனில் இருந்தன. பனி பற்றிய ஐயம் தீர்வதற்கு, 2008இல் ஏவப்பட்ட இந்தியாவின் சந்திரயான்-1 நாசாவின் நிறமாலைக் கருவியைச் சுமந்துபோய் நிலாத் தரையில் நீர் மூலக்கூற்றின் தடயங்களைக் காட்டியதும் ஒரு பெரிய படி. இரண்டு நாடுகள் ஒரே கலத்தில் கருவிகளை வைத்து முடிவைச் சேர்ந்து வெளியிடுவது குடிமை விண்வெளியில் சாதாரணம்.

விண்வெளிக்கென்று கேட்கும் எல்லாப் பணமும் நியாயமானது என்றும் நான் நினைக்கவில்லை. நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட்டும் ஓரியன் கலமும் ஒருமுறை பறக்க 410 கோடி டாலர் ஆகும் என்று 2022இல் அதன் சொந்தத் தணிக்கை அதிகாரியே கணக்கிட்டார். நாசா அறிவியல் பிரிவு ஒரு வருடம் முழுக்கப் பெறும் தொகையில் பாதிக்கும் மேல் அது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அற்புதமான கருவி. ஆனால் அதன் செலவு 1,000 கோடி டாலரை நெருங்க நெருங்க, வானியல் பிரிவின் மற்ற திட்டங்கள் காத்திருந்தன. குடிமைத் திட்டமும் தரவைப் பூட்டியதுண்டு. பூமியைப் படம்பிடிக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களை 1980களில் தனியார் வழியாக விற்றபோது ஒரு காட்சியின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பிறகு 600 டாலராக இறங்கியது. 2008இல் இலவசமாக்கியதும், ஒரு நாளில் சில டஜன் என்ற அளவில் போய்க்கொண்டிருந்த படங்கள் ஆயிரக்கணக்கில் போகத் தொடங்கின. காடு, நீர்நிலை, பயிர் பற்றிய உலக அளவிலான ஆய்வுகள் பெருகியது அதற்குப் பிறகே.

ஆகவே ஒரு விண்வெளித் திட்டம் பணம் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது தரவு எப்போது வெளிவரும் என்பதை. பார்வையிட்ட குழுவுக்கு 6 முதல் 12 மாத முன்னுரிமை கொடுத்துவிட்டு எல்லோருக்கும் திறப்பது நல்ல வழக்கம். அதற்கு மேல் என்றால் காரணம் கேட்க வேண்டும். அடுத்து, இயக்கத்துக்கும் தரவுக் கிடங்குக்கும் தனி ஒதுக்கீடு உண்டா என்று. ஏவுவதற்கு மட்டும் பணம் வைத்துவிட்டு ஆய்வாளர்களின் சம்பளத்தை விட்டுவிட்டால் வேலாவின் கோப்புகளைப் போலத்தான் ஆகும். தவறு நடந்தால் வெளியே சொல்வார்களா என்பதும் முக்கியம். ஹப்பிளின் ஆடி விளிம்பில் 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகியிருந்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டதே காரணம். வேறு இரண்டு எளிய சோதனைகள் பிழையைக் காட்டியும் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1990 ஏப்ரலில் ஏவி, அதே ஆண்டு நவம்பருக்குள் விசாரணை அறிக்கை இவ்வளவையும் பொதுவில் வைத்தது. 1993 டிசம்பரில் போட்ட திருத்தம் சரியாகப் பொருந்தியதற்கு அந்தத் துல்லியமான விசாரணைதான் அடிப்படை.

விண்வெளியின் பணத்தை ராணுவம் தின்கிறது என்று பலர் நினைப்பதும் நடைமுறையில் சரியில்லை. அமெரிக்கக் காங்கிரஸில் நாசாவின் ஒதுக்கீட்டை முடிவுசெய்யும் துணைக்குழு வேறு, பாதுகாப்புத் துறையுடையது வேறு. நாசா இருக்கும் அதே பானையில் தேசிய அறிவியல் அறக்கட்டளையும், வானிலை மற்றும் கடல் ஆய்வு அமைப்பும், நீதித்துறையும் இருக்கின்றன. ராணுவத் திட்டம் ஒன்றை நிறுத்தினால் அந்தப் பணம் தொலைநோக்கிக்கு வராது. விண்கலம் ஒன்றை நிறுத்தினால் அது ராணுவ ஆய்வகத்துக்கும் போகாது. அறிவியல் திட்டத்தின் நிஜப் போட்டியாளர் பெரும்பாலும் பக்கத்து அறிவியல் திட்டம்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு திட்டத்தைச் சொல்கிறேன். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள் வெடித்து, பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால் 1,500 பேர் காயமடைந்தார்கள். அது வருவதை யாரும் முன்பே பார்க்கவில்லை. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்ற கலம், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும், சுமார் 160 மீட்டர் குறுக்களவுள்ள டைமார்ஃபாஸ் என்ற சிறுகோள் மீது நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. சுமார் 32 கோடி டாலர் செலவில், சிறுகோளைத் தள்ள முடியும் என்பது நிரூபணமானது. தள்ளுவதற்குப் பல வருடம் முன்பே அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 சதவீதத்தை 2020க்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2005இல் சட்டம் போட்டது. கெடு முடிந்தும் பாதிகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இருண்ட சிறுகோள்களை அவற்றின் வெப்பத்தால் பிடிக்கும் 50 சென்டிமீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி நியோ சர்வேயர் அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. 2022இல் அதன் நிதி வெட்டப்பட்டு, ஏவும் காலம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. வெட்டியதற்குச் சொன்ன காரணம் ராணுவச் செலவு இல்லை. நாசாவின் மற்றக் கோளறிவியல் திட்டங்களில் ஏறிய செலவு.